சென்னையில் பர்மிய மொழியில் காசு எண்ணினால்

போன ஞாயிறு யாங்கூனில், அதாவது பழைய ரங்கூனில், அனவ்ரத்தா ரோட்டில் காளியம்மனைக் கும்பிட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்ததுமே என் சித்தி மகள் போனைத் திறந்து முன்னால் நீட்டினாள். ‘சென்னை’ என்று தலைப்புப் போட்டு, கீழே ஒன்று முதல் இருபது வரை வெறும் எண்கள். அடுத்த மாதம் அங்கே வேலைக்குப் போகிறாள். “அக்கா, பார்க்க வேண்டிய இடமெல்லாம் சொல்லு, எழுதிக்கிறேன்” என்றாள். மெரினா என்றேன். எழும்பூர் மியூசியம் என்றேன். மூன்றாவதுக்கு வாயைத் திறந்தால் இடம் வரவில்லை, ஆட்கள்தான் வருகிறார்கள். டீ ஆறிப்போகும் வரைக்கும் அவர்களைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், பாதிகூட முடியவில்லை. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன். அவளும் படிக்கட்டும், யாங்கூனிலிருந்து அந்தப் பக்கம் கிளம்பிக்கொண்டிருக்கிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

நான் போனது 2022 ஜூனில். சுற்றிப் பார்க்கப் போகவில்லை, உளுந்துக்காகப் போனேன். எங்கள் கம்பெனி பயின்னவுங் சந்தையில் உளுந்து வாங்கி ஏற்றுமதி செய்கிறது. நாம் இங்கே உளுந்தை அவ்வளவாகச் சாப்பிடுவதே கிடையாது, விளைவதில் பெரும்பகுதி கப்பலேறி இந்தியாவுக்குப் போகிறது. 2021-ல் இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தமே போட்டார்கள், ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 2,50,000 டன் உளுந்து என்று. சென்னையில் வாங்குகிறவருடைய ஆபீஸில் ஒரு ஆள் உட்கார்ந்து சரக்குப் பேப்பர்களையும் சாம்பிளையும் பார்த்துக்கொள்ள வேண்டும், தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். என்னை அனுப்பிவிட்டார்கள். பத்து மாதம்.

அந்த ஆபீஸ் கொத்தவால்சாவடிப் பக்கம், மூட்டை தூக்குகிறவர்களும் மீன்பாடி வண்டிகளும் ஸ்கூட்டர்களும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டே நகரும் ஒரு சந்துக்குள் இருந்தது. காய்கறி மார்க்கெட் 1996-லேயே கோயம்பேட்டுக்குப் போய்விட்டது என்றார்கள். போன பிறகே இப்படி என்றால் போவதற்கு முன்னால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தங்க இடம் பிடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரைத் தங்க வைத்தால் வீட்டுக்காரர் ‘சி ஃபார்ம்’ என்று ஒன்றை இருபத்து நாலு மணி நேரத்துக்குள் நிரப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அதற்குப் பயந்தே பாதிப்பேர் ‘ரூம் இல்லை’ என்பார்கள். ஒரு விடுதியில் அட்வான்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் பெட்டியோடு போய் நின்றபோது, பாஸ்போர்ட்டில் இருந்த என் பர்மியப் பெயரையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, “இது நீங்கதானா?” என்று கேட்டார்கள். வீட்டில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர் என்று இருப்பது நமக்கெல்லாம் சாதாரணம். அதை அந்த அம்மாவுக்குப் புரிய வைக்க முடியவில்லை, அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. கடைசியில் திருவல்லிக்கேணியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் கிடைத்தது. ரூமுக்கு மூன்று கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் எதிர் மேன்ஷன் மொட்டை மாடியில் வரிசையாகக் காயும் லுங்கிகள். யாங்கூன் ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். நம் ஊர் லோஞ்சியைப் பார்த்தா அழுதாய் என்று இப்போதும் அம்மா கேலி செய்கிறாள்.

முதல் ஒரு மாதம் நானும் லிஸ்ட் போட்டுத்தான் சுற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று இடம். மெரினா, கோட்டை, மியூசியம், மயிலாப்பூர், பெசன்ட் நகர். போட்டோ எடுப்பேன், வெளியில் வந்து இளநீர் குடிப்பேன், ரூமுக்கு வந்து வீட்டுக்கு அனுப்புவேன். அந்த ஒரு மாதத்தில் வேலைக்கு வெளியே நான் பேசியது ஆட்டோக்காரர்களிடம் மட்டும்தான், அதுவும் சண்டை. சிநேகிதர்களைப் பிடித்துக் கொடுக்கிற ஆப் ஒன்றையும் போனில் போட்டுப் பார்த்தேன். இரண்டே நாளில் எடுத்துவிட்டேன், அதில் வந்தவர்களுக்கு வேறு ஏதோ வேண்டியிருந்தது.

போதாக்குறைக்குப் பேச வாயைத் திறக்கவே கூச்சம். என் தமிழைக் கேட்ட முதல் ஆள், இரண்டாவது ஆள், பத்தாவது ஆள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: “நீங்க சிலோனா?” இல்லை பர்மா என்றால், “பர்மாவுல தமிழ் பேசுவாங்களா?” இங்கே தெருவில் போனால் நம்மைக் கலா என்பான், இந்தியாக்காரி என்று ஏளனமாக. அங்கே போனால் பர்மாக்காரி. சரி, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, கூப்பிட ஒரு பெயர் இருக்கிறதே என்று வைத்துக்கொண்டேன்.

இதைவிடப் பெரிய கூத்து ஒரு ஓட்டலில் நடந்தது. நம் ஊர் டீக்கடையில் பையனைக் கூப்பிட என்ன செய்வோம்? உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரி ‘ப்ச் ப்ச்’ என்போம். திருவல்லிக்கேணியில், ஆண்கள் மட்டுமே நிரம்பிய ஒரு காலை நேர டிபன் கடையில், இட்லிக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் வேண்டுமென்று நான் அதைச் செய்துவிட்டேன். கை பாதி வழியில் நிற்கக் கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. சப்ளையர் அண்ணன், ஐம்பது வயசிருக்கும், வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். எனக்குக் காது வரைக்கும் சூடு. “எங்க ஊர்ல இப்படித்தான் கூப்பிடுவாங்க அண்ணே” என்று உளறினேன். அவர் சிரிக்கவே இல்லை. சாம்பாரை ஊற்றிவிட்டு, “எந்த ஊரும்மா அது?” என்றார். சொன்னேன். “அங்க என்ன டிபன்?” சொன்னேன். மறுநாள் நான் உள்ளே நுழைந்ததும் அவரே தூரத்தில் இருந்து ‘ப்ச் ப்ச்’ என்று கூப்பிட்டுக் காலியான இடத்தைக் காட்டினார். சென்னையில் என்னை அடையாளம் கண்டுகொண்ட முதல் மனிதர் அவர்தான். அதற்குப் பிறகு நான் காலை டிபனுக்கு வேறு கடைக்குப் போகவே இல்லை. நீங்கள் வைக்கிற இட்லி எங்கள் ஊர் உளுந்தாகக்கூட இருக்கும் என்று ஒருநாள் சொன்னேன். “அதான் இவ்ளோ நாள் மெத்துனு வருதா” என்றார், பாராட்டா கேலியா தெரியவில்லை.

அந்தக் கடையில்தான் எனக்கு உறைத்தது. ஒரு மாதமாக நான் ஒரு இடத்துக்குக்கூட இரண்டாவது முறை போகவில்லை. அப்புறம் யார் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்? லிஸ்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, போன இடத்துக்கே, அதே நேரத்துக்கு, திரும்பத் திரும்பப் போக ஆரம்பித்தேன்.

ஆபீஸுக்கு ரயிலில் போவதென்று வைத்துக்கொண்டேன். திருவல்லிக்கேணியில் ஏறினால் சேப்பாக்கம், சிந்தாதிரிப்பேட்டை, பூங்கா நகர், கோட்டை, அப்புறம் கடற்கரை. உட்கார்ந்து பழகுவதற்குள் இறங்க வேண்டிய தூரம்தான். நம் ஊர் சர்க்கிள் ரயில் மாதிரி மூன்று மணி நேரம் ஊரையே வலம் வந்து, கீரைக்கட்டோடு ஏறியவளின் குடும்பக் கதை முழுவதையும் கேட்டு முடிக்கலாம் என்பதெல்லாம் கிடையாது. ஆனாலும் ஒரே பெட்டி, எட்டு இருபது வண்டி. பெண்கள் பெட்டியில் ஒரு அக்கா தினமும் தரையில் உட்கார்ந்து மல்லிப்பூ கட்டிக்கொண்டு வருவார், வேளச்சேரிப் பக்கத்திலிருந்து வருகிறவர், பாரிமுனையில் விற்பார். மூன்றாம் வாரம் என் மடியில் ஒரு நாரைப் போட்டு, “சும்மாத்தானே உக்காந்திருக்கே, கட்டு” என்றார். எனக்குப் பூ கட்டத் தெரியாது. இங்கே கடையில் கோத்த மாலையாக வாங்கியே பழக்கம். கடற்கரை வருவதற்குள் நான் கட்டியது ஒரு சாண், அதிலும் பாதி உதிர்ந்துவிட்டது. “இத நீயே வச்சுக்கோ, விக்க முடியாது” என்று என் தலையிலேயே வைத்துவிட்டார். அக்டோபர் வந்தபோது விற்கிற அளவுக்குக் கட்டினேன். என் கூலி தினமும் ஒரு முழம்.

பஸ்ஸில் போன நாட்களும் உண்டு. சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து காசு கிடையாது. இது தெரியாமல் முதல் தடவை கண்டக்டரிடம் பத்து ரூபாயை நீட்டினால், “லேடீஸுக்கு ஃப்ரீமா” என்கிறார். நானோ ஊருக்குப் புதுசு, பிடித்துவிடுவார்கள் என்ற பயம். “நான் ஃபாரின் சார்” என்றேன். பஸ்ஸே சிரிக்கிறது. “பொம்பளதானே? அப்போ ஃப்ரீதான்” என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஆகஸ்டில் அந்த பஸ்களுக்கு முகப்பில் பிங்க் அடித்துவிட்டார்கள், தூரத்திலேயே தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆகஸ்ட் 22-ஐ சென்னையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். 1639-ல் கோட்டை கட்ட ஆங்கிலேயருக்கு இடம் எழுதிக் கொடுத்த நாள் அது. அதையொட்டி விடிகாலையில் கூட்டமாகத் தெருத் தெருவாக நடந்து பழைய கட்டடங்களைப் பார்ப்பார்கள், காசு வாங்காமலே கூட்டிப்போகிறவர்களும் உண்டு. ஜார்ஜ் டவுன் நடைக்கு என் ரூம்காரி பெயர் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனாள், நான் போனேன். ஆர்மீனியன் தெருவில் ஒரு பழைய ஆர்மீனிய தேவாலயம், 1772-ல் கட்டியது, மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள், முற்றம் முழுக்கக் கல்லறைக் கற்கள். இந்த மாதிரி ஒன்று இந்தப் பக்கத்தில் அபூர்வம் என்று யாரோ சொன்னதும், என்னையறியாமல், “எங்க ஊர்லயும் இருக்கே” என்றுவிட்டேன். மெர்ச்சன்ட் ரோட்டில் இருக்கிறதே, 1862-ல் ஆரம்பித்தது, ஸ்ட்ராண்ட் ஓட்டலை நடத்திய சகோதரர்களும் ஆர்மீனியர்கள்தானே. அவ்வளவுதான், மீதி நடையில் பாதிப்பேர் என் பக்கத்தில் நடந்தார்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள் என்றால் நம்பவே மாட்டேன் என்றார் ரிட்டயர்டான ஒரு பேங்க் சார். அவருக்கும் எனக்கும் இப்போதும் வாட்ஸாப்பில் சண்டை நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாரதி சாலை நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளுக்கு என்னைக் கூட்டிப்போனவர் அவர்தான். நம் பன்சோடான் தெரு மாதிரியே தரையில் விரித்திருப்பார்கள். பேரம் பேசும்போது மட்டும் என்னைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்வார், என் முகம் விலையைக் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

இனி பர்மா பஜார்ப் பக்கத்தில் எனக்குக் கிடைத்த ஒரு பாட்டியின் கதைக்கு வருகிறேன்.

பர்மா பஜார் தெரியாதவர்கள் கிடையாது. 1960-களில் இங்கிருந்து துரத்தப்பட்டுப் போனவர்கள் பிழைக்கட்டும் என்று 1969-ல் ராஜாஜி சாலை ஓரமாக அரசாங்கம் கடை போட இடம் கொடுத்தது, அதுதான் பஜார். இப்போது சார்ஜரும் சென்ட்டும் ஹெட்போனும் விற்கிறார்கள். அங்கே பர்மாவைத் தேடிப்போனால் ஏமாந்துதான் போவீர்கள். பர்மா இருப்பது அதற்குப் பின்னால், செகண்ட் லைன் பீச் ரோட்டில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். தள்ளுவண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். அத்தோ, மொய்ங்கா, பேஜோ என்று தமிழில் பலகை எழுதியிருப்பார்கள். முதல் தடவை அந்தப் பலகையைப் பார்த்தபோது நடுரோட்டில் நின்றுவிட்டேன், பின்னால் வந்த மீன்பாடிக்காரர் திட்டினார்.

அத்தோ என்பது நம் ‘அதௌ’தான், கையால் பிசைவது. மஞ்சளும் ஆரஞ்சுமாக நிறம் ஏற்றிய தடித்த நூடுல்ஸ் ஒரு பிடி, பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த் தூள், உப்பு, மேலே பேஜோவை, அதாவது மொறுமொறுவென்று பொரித்த தட்டையை, நொறுக்கிப் போட்டு, ஒரு கிண்ணத்தில் பத்தே வினாடியில் கை சுழல்கிறது. கூடவே வாழைத்தண்டு சூப். பலகையில் மொய்ங்கா என்று எழுதியிருப்பது நம் மொஹிங்காதான், மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ். அந்தக் குழம்பிலிருந்து மீனை எடுத்துவிட்டால் அந்த சூப் என்பேன் நான். ஙபியாயே, அதாவது மீன் சாறு, ஒரு சொட்டு கிடையாது. வறுத்த கடலை மாவும் கிடையாது. முதல் வாயில் ‘இது நம்முடையது இல்லை’ என்று தோன்றியது. மூன்றாவது வாயில் எனக்கு மூக்கு ஒழுகத் தொடங்கிவிட்டது, மிளகாயினால்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

காசு கொடுக்கப் பர்ஸைத் திறந்து எண்ணினேன். நான் தமிழில் கனவு காண்பேன், தமிழில் திட்டுவேன், ஆனால் காசை மட்டும் பர்மிய மொழியில்தான் எண்ண வரும். பள்ளிக்கூடத்துப் பழக்கம். வாய்க்குள்ளேயே, “தித், நித், தோங், லே…” என்று பத்து ரூபாய்த் தாள்களை எடுத்துக்கொண்டிருந்தேன். வண்டிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்:

“ஙா, சாவ், குன்னி.”

அரிச்சுவடியோடு மறந்துபோன ங எழுத்துக்கு அப்போதுதான் உயிர் வந்தது. நான் கையில் ஏழு தாளோடு நிற்கிறேன். அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார், சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார், என்னைப் பார்த்தார். “எந்த ஊரு கண்ணு?” என்றார். யாங்கூன், தாமுவே என்றேன். “தாமுவே” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் மகனிடம், வண்டியில் பிசைகிறவர் அவர் மகன்தான், “டேய், இதுகிட்ட காசு வாங்காத” என்றார். நான் கொடுக்க, அவர்கள் மறுக்க, கடைசியில் ஒரு முட்டை மசாலாவையும் என் கையில் திணித்து அனுப்பினார்கள்.

அந்த அம்மாதான் நான் சொன்ன பாட்டி. அவர் கப்பலேறியது 1965-ல், பத்து வயசில். அவருடைய அப்பாவுக்கு ரங்கூனில் ஒரு சின்ன மளிகைக் கடை. 1964-ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே வருஷம் மே மாதம் ஐம்பது, நூறு க்யாட் நோட்டெல்லாம் செல்லாது என்று அறிவித்தார்கள். அன்றைக்கு ராத்திரி அப்பா விளக்கை வைத்துக்கொண்டு, இருந்த நோட்டையெல்லாம் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே இருந்தாராம். “தித், நித், தோங்னு அந்தச் சத்தத்திலயே தூங்கிட்டேன்” என்றார். அதனால்தான் என் குரல் காதில் விழுந்ததும் மிச்சத்தை அவர் வாய் தானாகவே சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன். துறைமுகத்தில் அம்மாவின் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள், அதையும் சொன்னார், ஆனால் அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒன்றும் இல்லை. எண்ணியதைச் சொன்னபோதுதான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் போக ஆரம்பித்தேன். வெங்காயம் உரிப்பேன், பூண்டு உரிப்பேன், பாட்டி பேசிக்கொண்டே இருப்பார். கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. பாட்டிக்கு அறுபத்தேழு வயசு, ஆனால் அவருடைய பர்மிய மொழிக்குப் பத்து வயசுதான். பட்டம், பம்பரம், டீச்சர் அடிப்பாள், அம்மா பசிக்குது, எனக்கும் ஒண்ணு கொடு. இதெல்லாம் அப்படியே சுத்தமாக வரும். கல்யாணம், வாடகை, கடன், ஆஸ்பத்திரி, இதற்கெல்லாம் வார்த்தை கிடையாது, தமிழுக்குத் தாவிவிடுவார். இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அறுபத்தேழு வயசு அம்மாவுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு ஓடுவது மாதிரி இருக்கும். நான் சில வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்தேன். ‘கடன்’ வேண்டாம் என்றுவிட்டார்.

தீபாவளிக்கு அம்மா ஆள் மூலமாக லப்பெத் அனுப்பியிருந்தாள், ஊறவைத்த தேயிலை, கூடவே பொரித்த பூண்டும் எள்ளும் வேர்க்கடலையும். வியாசர்பாடியில் பாட்டி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பக்கம் பர்மாவிலிருந்து போனவர்கள் நிறையப் பேர் குடியேறிய இடம். பொட்டலத்தைப் பிரித்ததும் பேத்திகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டார்கள். பாட்டி மூன்று விரலால் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டார். மென்றார். நான் ஏதாவது சொல்வார் என்று காத்திருக்கிறேன். ரொம்ப நேரம் கழித்து, “உப்பு கம்மி” என்றார். அப்புறம் பொட்டலத்தை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு பீரோவில், துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். ஃபிரிட்ஜில் வையுங்கள் பாட்டி என்றதற்கு, “அங்க வச்சா யாராவது தூக்கிப் போட்ருவாங்க” என்றார்.

டிசம்பர் 9-ஆம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல். மாமல்லபுரத்துப் பக்கம் கரையைக் கடக்கும் என்று டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. ரூமில் மற்ற இரண்டு பேரும் முதல் நாளே திருநெல்வேலிக்கும் வேலூருக்கும் போய்விட்டார்கள். பத்து மணிக்குக் கரண்ட் போனது. காற்று என்றால் எனக்கு ஆகாது. 2008-ல் நர்கீஸ் அடித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயசு. ஐராவதி டெல்டாவில் 1,30,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, கதவு திறந்துகொள்ளாமல் இருக்க அப்பாவும் மாமாவும் அலமாரியை நகர்த்தி அதில் முதுகைக் கொடுத்து விடியும் வரை உட்கார்ந்திருந்ததும், எங்கள் தகரக் கூரையில் ஒரு தகடு மட்டும் கழன்று படபட என்று அடித்துக்கொண்டே இருந்த சத்தமும்தான். திருவல்லிக்கேணி ஹாஸ்டல் கான்கிரீட் கட்டடம், ஒன்றும் ஆகாது என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனால் எதிர் மேன்ஷன் மாடியில் ஏதோ ஒரு தகரம் அதே படபட. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

பதினோரு மணி இருக்கும், போன் அடித்தது. பாட்டி. “ஜன்னல் இடுக்குல துணி வச்சியா?” என்றார். வைக்கவில்லை என்றேன். “வை, வச்சுட்டு வந்து பேசு.” வைத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் பர்மிய மொழியில் ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் மதிய நேரத்தில் என்ன சாப்பிடுவார்கள், ஷ்வேடகோன் பகோடாவுக்கு எந்தப் படிக்கட்டு வழியாக ஏறுவார்கள், தண்ணீர்த் திருவிழாவில் யாரை நனைத்தார்கள். எல்லாம் பத்து வயசு வார்த்தைகளில், சின்னச் சின்ன வாக்கியமாக. நான் உம் கொட்டிக்கொண்டே இருந்தேன். நடுநடுவே, “இருக்கியா?” என்று தமிழில் கேட்பார். ஒன்றரை மணிக்குப் போனில் சார்ஜ் எட்டு சதவீதம் என்றபோதுதான் வைத்தார். தகரம் அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது, நான் எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

காலையில் மெரினாவுக்கு நடந்தேன். வீல்சேரில் வருகிறவர்கள் கடல் வரைக்கும் போக மரப்பாதை ஒன்று போட்டு நவம்பர் கடைசியில்தான் திறந்திருந்தார்கள், இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதன் முனைப் பலகைகள் பிய்ந்து மணலில் கிடந்தன. நிறையப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிபன் கடை அண்ணன் கடையைத் திறந்துவிட்டிருந்தார், சாம்பார் மட்டும் இல்லை, சட்னி. பூக்கார அக்கா வரவில்லை. திங்கட்கிழமைதான் வந்தார், வந்ததும் வராததுமாக, புயலன்றைக்கு எங்கே இருந்தாய், ஏன் போன் எடுக்கவில்லை என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி திட்டினார். பார்த்தால் இரண்டு மிஸ்டு கால் இருந்தது, பாட்டியோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில்.

ஜனவரியில் நந்தனத்துப் புத்தகக் கண்காட்சி, அங்கே பேங்க் சாரோடு நான்கு நாள், கால் வலித்தது என்பதைத் தவிர அதைப்பற்றித் தனியாக எழுத வேண்டும். ஏப்ரலில் திரும்பிவிட்டேன். கிளம்புகிற அன்றைக்குப் பூக்கார அக்கா காசு வாங்காமல் நான்கு முழம் கொடுத்தார், விமானத்தில் பாங்காக் வரைக்கும் வாசம் இருந்தது.

இதையெல்லாம் என் சித்தி மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் போனில் மூன்றாவது எண் இன்னும் காலியாகத்தான் இருந்தது. “சரி, நான் போய் பாட்டிகிட்ட என்னன்னு சொல்றது?” என்றாள். நான் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றேன். லப்பெத் பொட்டலம் ஒன்று தருகிறேன், இந்த முறை உப்புச் சரியாகப் போடச் சொல்லியிருக்கிறேன். ஆறு மணிக்கு மேல் போ, ஒரு அத்தோ சாப்பிடு, காசை வாய்விட்டு எண்ணிக் கொடு.

“எதுல எண்றது?”

“பர்மாவுலதான்.”

“நான் எப்பவும் அப்படித்தானே எண்றேன்” என்றாள். டீக்காசை மேஜையில் எண்ணி வைத்துவிட்டுப் போனை எடுத்து, மூன்றுக்கு நேரே, ‘பாட்டி, ஆறு மணிக்கு மேல், வெங்காயம் உரிக்க வேண்டும்’ என்று எழுதிக்கொண்டாள்.